உங்கள் வீட்டு வால்யூமை யார் முடிவு செய்கிறார்கள்?

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆசையாக ஸ்பீக்கர் வாங்கி வைத்துப் பாட்டுக் கேட்கும் அன்பர்களுக்கு,

உங்களோடு சண்டை போட இந்த மடலை எழுதவில்லை. நானும் உங்கள் கட்சிதான். செல்போனின் சின்ன ஓட்டை வழியாக வருவதையெல்லாம் பாட்டு என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து நல்ல ஸ்பீக்கர் வாங்கியவர்கள் நீங்கள். பாட்டு ஒரு பக்கம் ஓட, வேலை ஒரு பக்கம் நடக்க என்றில்லாமல், அதற்காகவே அரை மணி நேரம் உட்காருகிறவர்கள். இப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால்தான் உங்களிடம் உரிமையோடு பேச வருகிறேன்.

உங்கள் வீட்டில் பாட்டின் சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? நீங்கள்தான் என்று சொல்வீர்கள். ரிமோட் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மே மாதம், மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. ஜன்னல் திறந்திருக்கிறது, தெருவில் ஆட்டோவும் தண்ணீர் லாரியும் போகின்றன. சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பிக்கிறது. பாட்டு கேட்கவில்லையே என்று நாலு புள்ளி கூட்டுகிறீர்கள். தேங்காய்ச் சட்னி அரைத்து முடிந்து மிக்ஸி நின்றுவிடுகிறது. கூட்டிய நாலு புள்ளியை யாராவது குறைக்கிறோமா? இல்லை. அடுத்த பாட்டு அந்த அளவிலேயே தொடங்குகிறது. அடுத்த முறை குக்கர் விசில் அடிக்கும்போது அதற்கு மேல் இன்னும் இரண்டு புள்ளி ஏறுகிறது. விசிறியும் மிக்ஸியும் தெருவும் சேர்ந்துதான் உங்கள் வால்யூமை முடிவு செய்கின்றன. நீங்கள் பொத்தானை அழுத்துவதோடு சரி.

காதும் இதற்கு ஒத்துழைக்கிறது. பலத்த சத்தத்தில் சற்று நேரம் இருந்தால் அது அந்த அளவுக்குப் பழகி, கொஞ்சம் மந்தமாகிவிடுகிறது. தொடங்கும்போது போதுமாக இருந்தது அரை மணி நேரம் கழித்துக் குறைவாகத் தோன்றுகிறது. மறுபடி ரிமோட்டைத் தேடுகிறோம். கேட்டு முடித்து எழுந்ததும் காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஓர் இரைச்சல் இருந்தால், இதுவரை கேட்டது அளவு மீறியது என்று காதே சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

“நான் எப்போதும் 25-இல்தான் வைப்பேன்” என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். அந்த 25 எதையும் அளக்கவில்லை. ஒரு கம்பெனியின் 25 இன்னொரு கம்பெனியில் 60 ஆக இருக்கலாம். ஒரே கருவியிலேயே 1970-களின் பாட்டுக்கும் இன்றைய பாட்டுக்கும் 25 ஒன்றில்லை. சி.டி. காலத்தில், 1990-களில் தொடங்கி, மற்றவர் பாட்டைவிட நம் பாட்டு ஓங்கி ஒலிக்க வேண்டும் என்ற போட்டியில் பதிவுகளின் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். மெல்லிய இடமும் பலத்த இடமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. பழைய பதிவில் பல்லவிக்கு முன் வரும் புல்லாங்குழல் மெல்லியதாகவே இருக்கும். அதற்காகக் கூட்டி வைத்த வால்யூமில் அடுத்து ஒரு புதுப் பாட்டு வந்தால் வீடே அதிர்கிறது. பாட்டுச் செயலிகள் பலவற்றில் எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குச் சமன் செய்யும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. தேடி எடுத்துப் போட்டுவிடுங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

வாட்ஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கடையில் அதைக் காட்டித்தான் நம்மை மயக்குகிறார்கள். சத்தம் இரு மடங்காக நம் காதுக்குப் படவேண்டுமானால் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். திருப்பிப் பார்த்தால், சாதாரணக் கூடத்தில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க ஒன்றிரண்டு வாட்டே பெரும்பாலும் போதும். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கும் வாட்ஸைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை.

இனி என் வழக்குக்கு வருகிறேன். ஒவ்வொரு இசைக்கும் அது பிறந்த இடத்தின் சத்தம் என்று ஒன்று உண்டு. நாகஸ்வரம் கோயில் வீதிக்கும் சாமி புறப்பாட்டுக்கும் ஆன வாத்தியம். தேர் இழுக்கும் கூட்டத்தைத் தாண்டி அடுத்த தெருவுக்குக் கேட்க வேண்டும். பறையும் அப்படித்தான், வெட்டவெளியில் உடம்பு முழுவதும் வாங்கிக்கொள்ள வேண்டிய ஒலி. வீணை அப்படி இல்லை. பலா மரத்தில் குடைந்த தஞ்சாவூர் வீணை, ஒரு கூடத்தில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதற்கு அளவான ஒலி கொண்டது. அந்த அளவில் கேட்டால், தந்தியை மீட்டிய பிறகு இடது கை விரல் அதை இழுத்து இழுத்துக் கமகம் செய்வதும், ஒலி தேய்ந்து தேய்ந்து மெழுகில் பதித்த மெட்டுகளின் மேல் விரல் உரசும் சின்ன ஓசையோடு முடிவதும் கேட்கும். அதே வீணைப் பதிவை நாகஸ்வரத்தின் சத்தத்துக்கு ஏற்றிப் பாருங்கள். மீட்டு ஒவ்வொன்றும் காதில் அறைகிறது. நாலு ஆள் உயரத்தில் ஒரு வீணை உங்கள் கூடத்தில் நிற்பதாகத் தோன்றும். நீங்கள் கேட்பது வீணையே இல்லை.

குரலுக்கும் இதே கதிதான். பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போவதற்கு முன் எடுக்கும் மூச்சு, பின்னால் ஓடும் தம்புராவின் கார்வை, ஒரு சொல்லின் கடைசி எழுத்தை மெல்ல விடும் இடம். இவையெல்லாம் கேட்க வேண்டும் என்றுதானே நல்ல ஸ்பீக்கர் வாங்கினோம்? இவை சத்தம் ஏற ஏறத் தெளிவாவதில்லை. அறை அமைதியாக இருந்தால்தான் தெளிவாகின்றன.

அறை என்று சொன்னதும் நம் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தரையெல்லாம் டைல்ஸ். சுவர் வெறும் சிமெண்ட் பூச்சு. மேலே கான்கிரீட். எங்கே பட்டாலும் ஒலி திரும்பி வருகிறது. ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் வந்து விழுகிறது. வரிகள் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடுகிறது, குழப்பம் அப்படியே இருக்கிறது. தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரியுங்கள், ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள், எதிர்ச் சுவரில் புத்தக அலமாரியை வையுங்கள். பிறகு நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடுதலாகக் கேட்கும். அறைக்குள் அதைவிடக் குறைவு, ஆனாலும் கூடுவது நிச்சயம். உங்களுக்குச் சத்தம் கூடியிருக்கும், பக்கத்து வீட்டுக்கு ஒரு துளியும் கூடியிருக்காது. நாற்காலியை நகர்த்தும் இந்த ஒரு காரியத்தை மட்டும் செய்து பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

“சத்தம் குறைத்தால் பாட்டு சப்பென்று இருக்கிறதே” என்பது நீங்கள் சொல்லும் நியாயமான எதிர்வாதம். அது கற்பனை இல்லை. 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்தே காட்டினார்கள். சத்தம் குறையும்போது நம் காது கீழ் ஸ்வரங்களை, அதாவது பாஸை, மற்றவற்றைவிட அதிகமாக இழக்கிறது. மிருதங்கத்தின் தொப்பியும் பாஸ் கிடாரும்தான் முதலில் மங்கிப்போகின்றன. அதை ஈடுகட்டத்தான் பழைய டேப் ரெக்கார்டர்களிலும் ஆம்ப்ளிஃபயர்களிலும் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். பெயரைப் பார்த்துவிட்டு, சத்தமாகக் கேட்பதற்கானது என்று நம்மில் பலர் தப்பாகப் புரிந்துகொண்டோம். மெல்லக் கேட்கும்போது போட வேண்டியது அது. இன்றைய கருவியில் அந்தப் பொத்தான் இல்லையென்றால் ஈக்வலைசரில் பாஸைக் கொஞ்சமே கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, மொத்த வால்யூமைக் கீழே வையுங்கள். பாட்டின் வயிறு நிறைந்துவிடும்.

‘கொஞ்சமே கொஞ்சம்’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் கீழ்வீட்டுக்காரர்களுக்காக நான் பேச வேண்டியது இந்தப் பாஸைப் பற்றித்தான்.

50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். உங்கள் கூடத்தின் நீளத்தைவிடப் பெரியது. அதை நாலரை அங்குலச் செங்கல் சுவர் தடுக்காது. தரையில் நேராக வைத்த சப்வூஃபர் கான்கிரீட்டையே தட்டுகிறது, அந்தக் கான்கிரீட்தான் கீழ்வீட்டின் கூரை. குரலும் வயலினும் புல்லாங்குழலும் சுவரோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் ரசிக்கும் எதுவும் அங்கே போய்ச் சேர்வதில்லை. டும், டும் என்ற இடி மட்டும் போகிறது.

எங்கள் குடியிருப்பில் அந்த இடி வந்து சேரும் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். சமையலறைச் சுவரில் அடித்திருந்த ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. ராகம் என்ன, பாடுவது யார் என்று எதுவும் தெரியவில்லை. அந்த வீட்டுப் பெண் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். காலையில் வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்குத்தான் படுக்கிறார். மேல்வீட்டில் பத்தரைக்குப் பாட்டுப் போடுகிறார்கள். “அவங்க நல்லவங்க சார், பாட்டும் நல்ல பாட்டாத்தான் இருக்கும். எனக்குத்தான் நெஞ்சுக்குள்ள அடிக்குது. எப்படிப் போய்ச் சொல்றது?” என்றார். அவர் போய்ச் சொல்லவில்லை. பெரும்பாலும் யாரும் வந்து சொல்வதில்லை. ‘யாரும் குறை சொல்லவில்லையே’ என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்றால் 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. தனியாருடைய ஒலிக்கருவியின் சத்தம், அவருடைய இடத்தின் எல்லையில், இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. விடியற்காலை ஐந்து மணிக்குச் சுப்ரபாதம் போடுகிறவர்களுக்கும் இது இரவுதான். 2005-இல் உச்ச நீதிமன்றமும் ஒலி மாசு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: பேச ஒருவருக்கு உரிமை உண்டு என்பதால், கேட்க விரும்பாதவரைக் கேட்க வைக்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது. ஆனால் போலீஸ் வந்து குறைக்கச் சொல்லும் நிலைக்கு இசை ரசிகர் ஒருவர் போவதை என்னால் தாங்க முடியாது. அது நமக்கு அவமானம். சட்டத்தை இங்கே சொன்னது மிரட்டுவதற்கு இல்லை, கீழ்வீட்டுக்காரரின் தூக்கம் நாம் போடும் பிச்சை இல்லை என்பதை நினைவூட்டத்தான்.

சரி, சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள்? உங்கள் வீட்டுப் பெரியவரை எடுத்துக்கொள்வோம். “சரியாக் கேக்கலை, கூட்டி வை” என்று அவர் சொல்வார். கூட்டினால், “ஏன் இப்படி அலற விடுறே?” என்பார். வயதானால் இப்படித்தான் முரண்டு பிடிப்பார்கள் என்று எரிச்சல்படாதீர்கள். வயதோடு வரும் செவிக்குறைவில் மேல் ஸ்வரங்கள்தான் முதலில் போகின்றன. ச, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்தறிய உதவும் நுண்ணொலிகள் அங்கேதான் இருக்கின்றன. எனவே சத்தம் வரும், சொல் புரியாது. அதோடு, பழுதான காதுக்கு மெல்லிய ஒலி கேட்காதபோதும், பலத்த ஒலி மற்றவர்களுக்குப் போலவே, சில சமயம் அதைவிட வேகமாகவும், பலமாகப் படும். கேட்காததற்கும் வலிப்பதற்கும் நடுவே அவருக்கு இருக்கும் இடம் மிகக் குறுகலானது. அவருக்கு வேண்டியது, பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றுவதும், நாற்காலியை முன்னே போட்டுத் தருவதும், விசிறியின் வேகத்தைக் குறைப்பதும்தான். டி.வி. சவுண்ட் பாரில் வசனத்தைத் தெளிவாக்கும் அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். அதற்கும் புரியவில்லை என்றால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவருடைய காதுக்காக வீடு முழுவதற்கும் சத்தம் கூட்டுவது மருத்துவம் ஆகாது.

பிள்ளைகளின் காது அதைவிட முக்கியம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். சிறுவர்களுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். பெரியவர்களுக்கு 83 ஆனால் 20 மணி, 86 ஆனால் 10 மணி, 89 ஆனால் வாரம் முழுவதற்கும் ஐந்தே மணி. உள்காதில் ஒலியை வாங்கும் மயிர்க்கலங்கள் பக்கத்துக்குச் சுமார் 15,000 தான். போனவை திரும்ப முளைப்பதில்லை. உங்கள் மடியில் உட்கார்ந்து தாளம் போடும் குழந்தை “சத்தம் அதிகம்” என்று சொல்லாது. அப்பாவுக்குப் பிடித்த பாட்டு, அப்பாவுக்குப் பிடித்த சத்தம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நாளைக்கு அது காதில் ஹெட்ஃபோன் மாட்டும்போது எந்த அளவைப் ‘போதும்’ என்று நினைக்கும் என்பது இன்றைக்கு உங்கள் கூடத்தில் பழகுவதைப் பொறுத்ததுதான்.

ஓங்கிக் கேட்பதில் ஒரு கிறக்கம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. திருவிழாவில் தவிலுக்கு முன்னால் நின்றவர்களுக்கு அது தெரியும். அதற்குத் திருவிழா இருக்கிறது, கச்சேரி இருக்கிறது, தியேட்டர் இருக்கிறது. எப்போதாவது போய் ஆசை தீரக் கேட்டுவிட்டு வருவோம். வீடு தினமும் இருக்கும் இடம். தினமும் கேட்பதற்கு ஏற்ற அளவு வேறு.

அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் உங்களிடம் ஒரு மணி நேரம் கேட்கிறேன். இன்றிரவு சாப்பாடு முடிந்து, பாத்திரம் தேய்க்கும் சத்தமும் அடங்கிய பிறகு, விசிறியைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். நீங்கள் நூறு தடவை கேட்ட பாட்டாக, ஒரு குரலும் ஒன்றிரண்டு வாத்தியமும் மட்டும் இருக்கும் பாட்டாக ஒன்றைப் போடுங்கள். ஒவ்வொரு புள்ளியாக ஏற்றிக்கொண்டே வந்து, பாடுபவரின் மூச்சு கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவரைச் சாதாரணக் குரலில் ஏதாவது பேசச் சொல்லுங்கள். அவர் பேச்சும் புரிந்து, பாட்டும் குறையில்லாமல் கேட்டால் அதுதான் உங்கள் வீட்டு அளவு. முதல் ஐந்து நிமிடம் குறைவாகத்தான் தோன்றும், கூட்டாதீர்கள். காது இறங்கி வந்து சேர்ந்துகொள்ளும். அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி ரிமோட்டின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். விசிறி ஓடும்போது அதற்கு மேல் இரண்டு மூன்று புள்ளி போகலாம், விசிறி நின்றதும் எழுதிய எண்ணுக்கே திரும்ப வேண்டும்.

சப்வூஃபரைத் தரையிலிருந்து எடுத்துத் தடித்த ரப்பர் மெத்தையின் மேல் வையுங்கள். மூலையில் வைத்தால் பாஸ் தானாகவே பெருகும், அங்கிருந்து நகர்த்துங்கள். பொதுச் சுவரை ஒட்டி வைக்கவே வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் அதன் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமானது இதுதான், இதைச் செய்யத்தான் நம்மில் பலருக்கும் தயக்கம். அந்தப் பாட்டை உங்கள் அளவில் ஓடவிட்டுவிட்டுக் கீழ்வீட்டுக்குப் போங்கள். அவர்கள் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். கதவைத் தட்டி, “எங்க வீட்டுப் பாட்டு உங்களுக்குத் தொந்தரவா இருக்கா? எந்த நேரத்துல வேண்டாம்னு சொல்லுங்க” என்று நீங்களே கேளுங்கள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நிமிடம் நின்று, உங்கள் பாட்டு அங்கே என்னவாக வந்து சேர்கிறது என்று உங்கள் காதாலேயே கேளுங்கள். மரியாதைக்காக “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தூங்கும் நேரம், குழந்தை படிக்கும் நேரம், இரவுப் பணி எதுவும் உண்டா என்று இன்னொரு முறை கேட்டு வாருங்கள். இந்த வாரக் கடைசிக்குள் இதைச் செய்யுங்கள் என்று உங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்